அழுதுகொண்டே சந்தோஷப்படலாமா? கிறிஸ்தவச் சந்தோஷம் பற்றி ஓர் எளிய விளக்கம்

இரண்டு வருடத்துக்கு முதல் மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். இருபது வயதுப் பையன், மோட்டார் சைக்கிள் விபத்து. தாய் பாயில் இருந்து அழுதுகொண்டிருந்தார். சபையில் மூத்த அம்மா ஒருவர் குனிந்து அவருடைய தோளைத் தொட்டு, “அழாத புள்ள. நம்மட பிள்ளை ஆண்டவரிட்டத்தான் போயிருக்கு. விசுவாசி எப்பவும் சந்தோஷமா இருக்க வேணும்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். தாய் உடனே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சத்தமாக அழவில்லை. அந்த அமைதி எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நான் ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிறவன். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் கேட்கிற கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வரும்: “சேர், சந்தோஷமா இல்லாட்டிப் பாவமா?” பெரியவர்களுக்கும் அதே கேள்விதான், கேட்க வெட்கப்படுகிறார்கள். ‘கர்த்தருக்குள் சந்தோஷம்’ என்பது நமது சபைகளில் அதிகம் புழங்கும் சொற்றொடர்களில் ஒன்று. பாட்டில் வருகிறது, பிறந்தநாள் ஜெபத்தில் வருகிறது, சுவரில் மாட்டும் வசன அட்டையில் வருகிறது. அது என்ன என்று நிதானமாகக் கதைத்தது குறைவு. கிறிஸ்தவர் அல்லாத அயலவர்களும் வாசிக்கக்கூடியதாக எழுதப் பார்க்கிறேன்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

பிரசங்கங்களில் ஒரு பாகுபாடு அடிக்கடி கேட்கலாம்: மகிழ்ச்சி வேறு, சந்தோஷம் வேறு, முதலாவது உலகத்தால் வருவது, மற்றது தேவனால் வருவது. ஆங்கிலப் பிரசங்கங்களில் இரண்டு சொற்களை வைத்துச் செய்யும் விளக்கம் இப்படித் தமிழுக்குள் வந்துவிட்டது. தமிழில் அது நிற்காது. வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு ‘சந்தோஷமாயிருங்கள்’ என்று சொல்லும் இடத்தில் கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு ‘மகிழுங்கள்’ என்கிறது. ஒரே வசனம், ஒரே பொருள். ஆகவே சொல்லைப் பிரித்து விளங்கப்படுத்துவதை விட்டுவிடலாம். அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் பயன்.

வேதாகமத்தின் இரண்டாம் பகுதியான புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் சந்தோஷத்துக்கு வரும் சொல் ‘கரா’. அதற்கு நெருங்கிய உறவுக்காரச் சொல் ஒன்று உண்டு: ‘கரிஸ்’. இதைத்தான் நாம் கிருபை என்கிறோம், கத்தோலிக்கர் அருள் என்கிறார்கள். கிருபை என்றால் உழைத்துச் சம்பாதிக்காமல், தகுதி பார்க்காமல் கிடைக்கும் கொடை. மூன்றாவது உறவுக்காரர் ‘எவ்கரிஸ்தியா’: நன்றி சொல்லல். ஆராதனையில் அப்பமும் ரசமும் பகிர்வதை நற்கருணை என்கிறோமே, அதற்குக் கிரேக்கப் பெயர் இதுதான். கொடை, கொடை பெற்றவரின் நன்றி, அவருடைய சந்தோஷம் ஆகிய மூன்றும் ஒரே வேரில் முளைத்தவை. கிரேக்கம் தெரியாவிட்டாலும் இந்த ஒரு தகவலை வைத்திருந்தால் பாதி விளங்கிவிடும்.

திருவிழாவில் தொலைந்த பிள்ளை

ஆயித்தியமலை மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை தாயின் கையை விட்டுவிட்டது. எங்கு பார்த்தாலும் கால்கள்தான். ஒலிபெருக்கியில் அறிவிப்பு. அரை மணித்தியாலம் கழித்துத் தாய் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து தூக்குகிறாள். அந்த நேரத்தில் பிள்ளை என்ன செய்யும்? சிரிக்காது. அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, முன்னைவிடப் பெரிதாக அழும். அழுதுகொண்டே தாயின் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிடிதான் சந்தோஷம்.

மறுகா, இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த இடத்தில் யாருக்குச் சந்தோஷம் கூட? தாய்க்கு. லூக்கா சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரம் இதே வேலையைத்தான் மூன்று கதைகளில் செய்கிறது. காணாமற்போன ஆடு, காணாமற்போன வெள்ளிக்காசு, வீட்டைவிட்டுப் போய்த் திரும்பிவந்த இளைய மகன். மூன்றிலும் முதலில் சந்தோஷப்படுகிறவர் தொலைத்ததைத் திரும்பப் பெற்றவர். மேய்ப்பன் அயலவரைக் கூப்பிடுகிறான், காசைக் கண்டெடுத்த பெண் தோழிகளைக் கூப்பிடுகிறாள், தகப்பன் விருந்து வைக்கிறார். ஆடும் காசும் சந்தோஷப்பட்டதாக ஒரு சொல்கூட இல்லை. (காசு எப்படிச் சந்தோஷப்படும் என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்விதான்.)

கிறிஸ்தவச் சந்தோஷத்தின் தொடக்கம் இங்கே. தேவன் நம்மைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படுகிறார். நமது சந்தோஷம் அதற்கு எதிரொலி. மூன்றாம் கதையில் மூத்த மகன் வெளியே நிற்கிறான். வருடக்கணக்காக உழைத்தவன், ஒரு கட்டளையும் மீறாதவன். அவனுக்குத்தான் விருந்துக்குள் வர முடியவில்லை. சந்தோஷத்தைக் கூலியாக எதிர்பார்த்திருந்தவனுக்கு, அது கொடையாக இன்னொருவனுக்குக் கிடைப்பதைப் பொறுக்க முடியவில்லை. சேர்ச்சில் வளர்ந்த நம்மில் பலருக்குப் பொருந்தும் ஆள் அவன்தான், இளையவன் அல்ல. கதை அவன் உள்ளே போனானா இல்லையா என்று சொல்லாமலே முடிந்துவிடுகிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கிறிஸ்தவச் சந்தோஷம் கண்டுபிடிக்கப்பட்டவரின் சந்தோஷம். உழைத்து எடுப்பது அல்ல, கிடைப்பது. அழுகையோடு சேர்ந்தும் இருக்கும்.

கடற்கரைக் கிணறு

அடுத்த கேள்வி: கிடைத்தது எப்படி உள்ளே நிற்கிறது? சூழ்நிலை மாறும்போது ஏன் போய்விடுவதில்லை?

நமது கரையோர ஊர்களில் ஓர் அதிசயம் உண்டு. ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி, இரண்டும் உப்பு. நடுவே ஒடுங்கிய மணல். அந்த மணலில் சில அடி தோண்டினால் குடிக்கக்கூடிய தண்ணீர் வருகிறது. காரணம் எளிது. மாரியில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்குகிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. அதனால் கீழே ஊறியிருக்கும் உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய படையாக அது மிதந்து நிற்கிறது. கிணறு தொடுவது அந்தப் படையைத்தான். உப்பு போய்விடவில்லை, கீழேயே இருக்கிறது. நன்னீரும் இருக்கிறது.

2004ஆம் ஆண்டு, நத்தாருக்கு அடுத்த நாள், சுனாமி கரையோரக் கிணறுகளுக்குள் கடலைக் கொண்டுவந்து ஊற்றியது. துப்புரவாக்க வேண்டும் என்று கிணறுகளை மோட்டர் போட்டுத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அளவுக்கு மிஞ்சி இறைத்தபோது கீழே இருந்த உப்புநீர் மேலேறி வந்தது. கிணறுகளைத் திரும்ப நன்னீராக்கியது பெரும்பாலும் மழைதான், மாரி வந்து மணலைக் கழுவக் கழுவக் கொஞ்சம் கொஞ்சமாக.

எனக்குத் தெரிந்த அளவில் இதைவிட நல்ல உவமை இல்லை. சந்தோஷம் மேலேயிருந்து இறங்குவது. கீழே துக்கத்தின் உப்பு இருக்கும்போதே அதன்மேல் நிற்பது. ‘சந்தோஷப்படு, சந்தோஷப்படு’ என்று மனதை மோட்டர் போட்டு இறைத்தால் வருவது உப்புத்தான். எந்த உவமையையும் கடைசிவரை இழுக்கக் கூடாது என்பதால் இதை இங்கேயே விடுகிறேன்.

ஆதிச் சபையின் அப்போஸ்தலரான பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் சந்தோஷத்தை ‘ஆவியின் கனி’ என்ற பட்டியலில் வைக்கிறார்: அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று அது தொடங்குகிறது, மொத்தம் ஒன்பது. ஆவியின் கனி என்றால் பரிசுத்த ஆவியானவர் ஒருவருக்குள் குடியிருப்பதால் அவருடைய குணத்தில் மெல்ல விளைவது. கனி என்று சொன்னதில் விசயம் இருக்கிறது. மாமரத்தடியில் நின்று ‘காய், காய்’ என்று கத்தி யாரும் காய்க்கவைத்ததில்லை. யோவான் சுவிசேஷம் 15இல் இயேசு திராட்சைச் செடியையும் கொடிகளையும் பற்றிச் சொல்கிறார். கொடியின் வேலை செடியில் நிலைத்திருப்பது மட்டும். அப்படிச் சொல்லிவிட்டுத்தான், தமது சந்தோஷம் சீஷர்களில் நிலைத்திருக்கவும் அவர்களுடைய சந்தோஷம் நிறைவாகவும் இவற்றைச் சொன்னதாக முடிக்கிறார். ‘தமது சந்தோஷம்’ என்கிறார். அது எந்த இரவு தெரியுமா? அவர் பிடிபடப்போகும் இரவு.

சிறையிலிருந்து வந்த கடிதம்

“கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், சந்தோஷமாயிருங்கள் என்று மறுபடியும் சொல்லுகிறேன்.” செத்தவீட்டில் அந்த மூத்த அம்மா நினைத்தது இந்த வசனத்தைத்தான். பிலிப்பியர் 4:4.

பிலிப்பியர் சின்னக் கடிதம், நான்கே அதிகாரங்கள். கிரேக்கத்தில் சந்தோஷத்தைக் குறிக்கும் பெயரும் வினையும் அதில் 16 தடவை வருகின்றன. எழுதிய பவுல் அப்போது விலங்கோடு காவலில் இருந்தார். வழக்கு எப்படி முடியும், உயிரோடு வெளியே வருவாரா என்பது அவருக்கே தெரியாது. இவ்வளவும் எல்லாப் பிரசங்கங்களிலும் கேட்டிருப்பீர்கள். அதே கடிதத்தில் இருக்கும் இன்னொரு பகுதியை நான் பிரசங்கமாகக் கேட்டதே இல்லை.

பிலிப்பி ஊர்ச் சபையார் பவுலுக்கு உதவி அனுப்பியிருந்தார்கள். அதைக் கொண்டுவந்தவர் எப்பாப்பிரோதீத்து. வந்த இடத்தில் நோயில் விழுந்து சாகும் தறுவாய்க்குப் போய்விட்டார், மறுகா பிழைத்துக்கொண்டார். அதைப் பற்றிப் பவுல் இரண்டாம் அதிகாரத்தில் எழுதும்போது, ‘துக்கத்தின்மேல் துக்கம்’ தனக்கு வராதபடி தேவன் இரங்கினார் என்கிறார். அந்த மனிதர் இறந்திருந்தால் நான் துக்கத்தால் நொந்திருப்பேன் என்று ஒளிக்காமல் சொல்கிறார். ‘துக்கத்தின்மேல்’ என்பதால், ஏற்கெனவே ஒரு துக்கம் இருந்தது என்பதும் தெரிகிறது. மூன்றாம் அதிகாரத்தில் வேறொரு விசயத்தைக் கண்ணீரோடு சொல்வதாக எழுதுகிறார். நான்காம் அதிகாரத்தில் ‘எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’. எழுதியவர் ஒருவரே, கடிதமும் ஒன்றே. அவருக்கு இவை ஒன்றோடொன்று மோதவில்லை.

சரி, அது கட்டளை மாதிரித்தானே இருக்கிறது? உணர்ச்சிக்குக் கட்டளை போடலாமா? இருட்டில் நடக்கும் பிள்ளையிடம் தகப்பன் ‘பயப்படாதே’ என்கிறார். இலக்கணப்படி அது ஏவல். ஆனால் அவர் சட்டம் போடவில்லை, கையைப் பிடித்திருப்பதை நினைவுபடுத்துகிறார். கையைப் பிடிக்காமல் தூரத்தில் நின்று அதையே சொன்னால் அது வெறும் அதட்டல். வசனத்தில் ‘கர்த்தருக்குள்’ என்ற சொல் செய்யும் வேலை அந்தக் கையின் வேலை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் ஆட்களுக்குச் சொல்லுகிறோம்.

இன்னொரு சொல்லும் அந்த அதிகாரத்தில் உண்டு. எந்த நிலைமையிலும் மனரம்மியமாக, அதாவது மனநிறைவோடு, இருக்கக் ‘கற்றுக்கொண்டேன்’ என்கிறார் பவுல். மனம்திரும்பிய அன்றே வந்துவிட்டது என்று சொல்லவில்லை.

அழுகைக்கு வேதத்தில் இடம் உண்டா?

நிறைய உண்டு. சங்கீதப் புத்தகத்தில் 150 பாடல்கள். அவற்றில் மற்ற எந்த வகையையும்விடக் கூடுதலாக இருப்பவை புலம்பல் சங்கீதங்கள்: துன்பத்தில் இருப்பவர் தேவனிடமே முறையிட்டுப் பாடும் பாடல்கள். 13ஆம் சங்கீதம் “எதுவரைக்கும்” என்று தொடங்கி, நம்பிக்கையில் முடிகிறது. 88ஆம் சங்கீதம் அப்படிக்கூட முடியவில்லை. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல் ‘இருள்’. அதையும் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்கள், கழற்றி எறியவில்லை. இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்திருந்தும் இயேசு அவனுடைய கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். ரோமர் 12:15 அழுகிறவர்களுடனே அழச் சொல்கிறது. அழுகிறவர்களை நிறுத்தச் சொல்லவில்லை.

நமது ஊரின் கதையும் அப்படித்தான். வாவிக்கரையில் சிலையாக நிற்கும் வில்லியம் ஓல்ட் 1814இல் மெதடிஸ்த மிஷனரியாக இங்கே வந்தார். வரும் வழியில் கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவரும் இங்கேயே இறந்துபோனார். நற்செய்தி சொல்ல வந்தவர் துக்கம் தெரியாத மனிதராக வரவில்லை. 21.04.2019, உயிர்த்த ஞாயிறு காலை, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் சிறுவர். வருடத்திலேயே பெரிய சந்தோஷ நாள் அது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு உயிர்த்த ஞாயிறும் மட்டக்களப்பில் இரண்டு நினைவுகளோடும் வருகிறது. இந்த ஊர்க் கிறிஸ்தவர்களுக்குச் சந்தோஷத்தையும் துக்கத்தையும் தனித்தனி அறைகளில் பூட்டி வைக்கும் வசதி இல்லை.

ஆனால் துக்கத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. யோவான் 16இல் இயேசு பிரசவ வேதனைப்படும் பெண்ணைக் காட்டுகிறார். வலி பொய்யில்லை. அந்த வலி எங்கே போய்ச் சேரும் என்பதும் பொய்யில்லை. கிறிஸ்தவர்கள் நம்பிக்கை என்று சொல்வது இதை: இயேசு உயிர்த்தெழுந்தார், ஆகவே மரணம் கடைசிச் சொல் அல்ல என்ற எதிர்பார்ப்பு. சந்தோஷத்தின் மற்றக் கால் இது. ஒரு கால் ‘கண்டுபிடிக்கப்பட்டேன்’ என்ற நடந்த விசயத்தில், மற்றது ‘இனி வரும்’ என்பதில். நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் வரும் கத்தோலிக்கத் திருவருகைக் காலத்தை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். காத்திருப்பின் ஊதா நிறம் நடுவே, 3ஆம் ஞாயிறு மட்டும் ரோஜா நிறம். அதை மகிழ்ச்சி ஞாயிறு என்பார்கள். காத்திருப்பு இன்னும் முடியவில்லை, மகிழ்ச்சி இடையிலேயே வந்துவிடுகிறது.

ஆக, சந்தோஷம் துக்கத்தைத் துரத்திவிட்டு வருவதில்லை. பழையதொரு கொடையிலும் வரப்போகும் ஒன்றிலும் ஊன்றி, துக்கத்தின் நடுவே நிற்கிறது.

சந்தோஷம் என்று நாம் மாறி எண்ணுபவை

வசதி வந்தால் ஆசீர்வாதம், ஆசீர்வாதம் வந்தால் சந்தோஷம் என்ற கணக்கு ஒன்று. மகன் கனடா போனால் தேவன் செய்தார் என்று சபையில் சாட்சி சொல்கிறோம். விசா கிடைக்காதவர் எதைச் சொல்வது? ஆபகூக் தீர்க்கதரிசி அத்திமரம் துளிர்க்காவிட்டாலும் தொழுவத்தில் மாடு இல்லாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்றதை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு பிழையாகிவிடுகிறது.

ஆராதனையில் வரும் உற்சாகம் இன்னொன்று. கீபோர்ட், டிரம், கைதட்டல். எனக்கு அது பிடிக்கும், நானும் தட்டுகிறேன். ஆனால் அது சந்தோஷம் வெளியே வரும் ஒரு வழி, ஊற்று அல்ல. திங்கட்கிழமை காலை அது இல்லையே என்று பதறத் தேவையில்லை.

மூன்றாவதுதான் ஆபத்தானது: மனச்சோர்வு நோயை விசுவாசக் குறைவு என்று எடுப்பது. வாரக்கணக்காக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்வதில் பொருள் இல்லை என்று ஒருவர் சொன்னால், வசனம் சொல்லி அனுப்பாமல் ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் இருந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டான், எழுப்பிச் சாப்பிடக் கொடுத்தான், திரும்பவும் தூங்கவிட்டான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். முதல் மருந்து அதுவாகத்தான் இருந்தது.

தொடங்க நினைப்பவர்களுக்கு

பிலிப்பியர் கடிதத்தை ஒரே இருப்பில் வாசியுங்கள், ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும். எப்பாப்பிரோதீத்து வரும் இடத்தில் மட்டும் நிதானியுங்கள். பிறகு, பொழுதுபட்டதும் அன்றைக்குக் கிடைத்த ஒன்றைப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள்: இன்ன ஆள் வந்து கதைத்தார், மழை பெய்தது. பொதுவாக ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்றால் மனம் எதையும் பார்க்காது. நன்றியும் சந்தோஷமும் ஒரே வேர் என்று மேலே சொன்னது இங்கேதான் உதவும். சாப்பாட்டுக்கு ஒருவரைக் கூப்பிடுங்கள். லூக்கா 15இல் யாரும் தனியே சந்தோஷப்படவில்லை.

எதுவும் வராத காலமும் இருக்கும். அப்போது 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள், அல்லது ஒன்றும் சொல்லாமல் சேர்ச்சில் போய் இருங்கள். பாட முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பாடட்டும். சபை என்று ஒன்று இருப்பதே இப்படியான நாட்களுக்காகவும்தான்.

அந்தத் தாயை ஞாயிறுகளில் காண்கிறேன். பின்வரிசையில், மின்விசிறிக்குக் கீழே இருப்பார். அன்றைக்கு அவருடைய தோளைத் தொட்ட மூத்த அம்மாவும் இப்போது பக்கத்தில்தான் இருக்கிறார், ஒன்றும் சொல்வதில்லை. பாட்டுப் புத்தகம் இரண்டு பேருக்கும் நடுவில் விரிந்திருக்கும். சில பாட்டுக்களில் அந்தத் தாயும் வாயசைக்கிறார்.